ஞாயிற்றுக்கிழமை பெய்த மழை

இரும்பு அலமாரியின் பூட்டை மாப்பிள்ளை மூன்று முறை முகர்ந்து பார்த்தார். துப்பறிகிறவர்கள் எதையாவது முகர்ந்து பார்ப்பார்கள் என்று அவர் எங்கோ கேள்விப்பட்டிருந்தார். பூட்டில் எண்ணெய் வாசனை வந்தது. பூட்டில் வேறு என்ன வாசனை வர வேண்டும் என்பது தெரியாததால், எல்லாம் புரிந்தவர் போலத் தலையை ஆட்டி வைத்தார்.

“என்ன தெரியுது மாப்பிள்ளை?” என்றாள் அத்தை.

“பூட்டுன்னு தெரியுது அத்தை.”

“நல்லது. மறந்துடாம நோட்டுல எழுதி வச்சுக்குங்க.”

அத்தை இருபத்தாறு வருடம் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் விசாரணை அதிகாரியாக இருந்தவள். செத்துப்போனதாகச் சொல்லப்பட்டவர்களில் பதினொரு பேரை உயிரோடு பிடித்துக் கொண்டுவந்தவள். அவர்களில் நாலு பேர் இன்னும் அவளோடு பேசுவதில்லை. ஓய்வு பெற்ற பிறகும் சந்தேகப்படுகிற பழக்கம் ஓயவில்லை என்பதால், வாசலில் ஒரு பலகையை மாட்டித் தொழிலைத் தொடர்ந்தாள். மாப்பிள்ளைக்கு வேலை போன மாதத்தில் அவருக்கு உதவியாளர் பதவி கிடைத்தது. பெண் எடுத்த மாப்பிள்ளையை மரியாதைக் குறைவாகப் பேசக்கூடாது அல்லவா? வாங்க, போங்க என்று சொல்லிக்கொண்டே ஒரு மனிதனைத் தரையோடு தரையாக்குவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

அன்றைக்கு மாப்பிள்ளைக்குக் கூடுதல் கலக்கம். காலையிலிருந்து அத்தையின் குடையைக் காணோம். “யாரோ எடுத்திருக்காங்க” என்று மட்டும் அவள் சொன்னாள். வீட்டில் இருந்ததோ அவளும், அவள் மகளும், பேத்தியும், இவரும். மகளையும் பேத்தியையும் அவள் பார்க்கவில்லை.

மழைக் கணக்கு அலுவலகத்தின் பொறியாளர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். எதிரே இருப்பவர் கையை மட்டுமே பார்த்துப் பேசுகிற மனிதர்.

“விஷயம் ரொம்பச் சின்னதுங்க. இங்கே ஒரு புரொபசர் இருக்கார். கம்ப்யூட்டருக்குள்ள மழை பெய்ய வைக்கிறார்.”

“கம்ப்யூட்டர் கெட்டுப் போகாதா சார்?” என்றார் மாப்பிள்ளை.

பொறியாளர் சிரிக்கவில்லை. “ஏரிக்கரையை எவ்வளவு உயர்த்தணும்னு தெரியணும். அதுக்கு நம்மகிட்ட பன்னிரண்டு வருஷ மழைப் பதிவுதான் இருக்கு. முதல் பதினொரு வருஷத்தை அவர்கிட்ட கொடுத்தோம். அதே சுபாவத்துல ஆயிரம் வருஷ மழையை அவர் கற்பனையா பெய்ய வச்சு, போன மாசம்தான் கொடுத்தார். பன்னிரண்டாவது வருஷப் பதிவேட்டை யாருக்கும் காட்டாம இந்த அலமாரில வச்சுப் பூட்டினேன். ஒத்துப் பார்க்கிறதுக்காக. போன வாரம் திறந்து பார்த்தா, அவரோட நானூத்திப் பதினேழாவது வருஷமும் இந்தப் பதிவேடும் ஒண்ணு. சுபாவம் இல்லைங்க. தேதி தேதியா, புள்ளி புள்ளியா, முந்நூத்து அறுபத்தஞ்சு நாளும் ஒண்ணு.”

“அப்படின்னா?”

“பார்த்து எழுதியிருக்கார். அப்புறம் என்ன? இன்னிக்கு நாலு மணிக்கு இயக்குநர் முன்னாடி விசாரணை. வேலை போயிடும், போலீசுக்கும் போகும். பூட்டு உடையல, சாவி என் இடுப்பை விட்டு இறங்கல. அவர் எப்படித் திறந்தார்னு மட்டும் நீங்க கண்டுபிடிச்சுக் கொடுத்தா போதும்.”

“மட்டும்” என்ற சொல்லைக் கேட்டால் அத்தைக்குக் காது கூர்மையாகிவிடும். பன்னிரண்டு பதிவேடுகளையும் கேட்டு வாங்கினாள். மலை மேலே ஒரு மழைமானி இருந்தது. தினமும் காலையில் ஓர் ஆள் ஏறிப்போய், அதில் சேர்ந்த தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்து, இத்தனை மில்லிமீட்டர் என்று எழுத வேண்டும். பன்னிரண்டு வருடமும் ஒரே ஆள், ஒரே கையெழுத்து. மற்றவர்கள் வாரப் பத்திரிகை படிக்கிற சுகத்தோடு அத்தை அவற்றைப் புரட்டினாள். பிறகு பழைய நாட்காட்டிகள் இருக்கிறதா என்று கேட்டாள். அரை மணி நேரம் நாட்காட்டியையும் பதிவேட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் மூக்கின் நுனி மெல்லச் சிவந்தது. அந்த மூக்கு சிவந்தால் எங்கோ ஒருவருக்குக் கெட்ட நேரம்.

“மாப்பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை நீங்க என்ன செய்வீங்க?”

“தூங்குவேன் அத்தை.”

“திங்கட்கிழமை?”

“ஞாயிற்றுக்கிழமை தூங்கின களைப்பு தீர ஓய்வு எடுப்பேன்.”

“உங்களாலயும் உலகத்துக்கு ஒரு உபயோகம் இருக்கு” என்று சொல்லிவிட்டு அவள் எழுந்தாள். அது பாராட்டா என்று காரை அடைகிற வரை மாப்பிள்ளை யோசித்தார்.

*

புரொபசரின் வீட்டில் நாற்காலிகள் இருந்தன என்று நம்ப வேண்டியதுதான், கண்ணுக்குத் தெரியவில்லை. எல்லாவற்றின் மேலும் காகிதம். கூடத்தின் நடுவில் எதையோ துணி போட்டு மூடி வைத்திருந்தார். அத்தை அதைப் பார்த்ததும் அவர் அவசரமாக அதன் முன்னால் வந்து நின்றார்.

“அது என்ன?”

“ஒண்ணுமில்ல.”

அத்தை துணியைத் தூக்கினாள். ஒரு வாளி. அதற்கு நேர் மேலே கூரையில் ஒரு விரிசல்.

“ஆயிரம் வருஷ மழையைச் செஞ்சவர் வீட்ல ஒழுகுதுன்னு வெளியில தெரிய வேண்டாமேன்னு பார்த்தேன்” என்றார் அவர்.

உள்ளே இருந்து அவருடைய மனைவி வந்தாள். அழுது ஓய்ந்த முகம், ஆனால் குரல் ஓயவில்லை. “நாலு மணி வரைக்கும் இவர் புரொபசர். அதுக்கு மேல திருடன். இருபது வருஷமா இந்த மனுஷன் கடைக்காரன் தப்பா கொடுத்த சில்லறையைக் கூட மூணு தெரு நடந்து போய்த் திருப்பிக் கொடுத்துட்டு வருவார். இவரைப் போய்...”

“நீ கொஞ்சம் சும்மா இரு” என்றார் புரொபசர்.

“சும்மா இருந்து இருந்துதான் இந்த வீடு காகிதக் கிடங்கு ஆச்சு.”

“மழையை எப்படிச் செய்யறீங்க சார்?” என்று மாப்பிள்ளை கேட்டார். அந்த ஒரு கேள்வியில் புரொபசரின் முகத்துக்கு ரத்தம் திரும்பியது. ஒரு தாளை எடுத்துக் குறுக்கே நீளமாகக் கோடு போட்டார்.

“இது ஒரு வருஷம். இதுல மழை இல்லாத காலத்தை வெட்டி எறியறேன். மிச்சம் நாலு துண்டு. ஒவ்வொண்ணும் ஒரு மழைக்காலம்னு வைங்க. ஒரு துண்டுக்குள்ள போய்ப் பார்த்தா அங்கேயும் மழை விட்டு விட்டுத்தான் பெய்யுது. அதுலயும் வெட்டறேன். மிஞ்சினது வாரங்கள். அந்த வாரத்துக்குள்ளேயும் அதே கதை. பெரிசுல என்ன ஜாடை இருக்கோ அதே ஜாடை சின்னதுலயும் இருக்கு. இதுக்குப் பேரு ஃப்ராக்டல்.”

“குடும்ப மூக்கு மாதிரி” என்றார் மாப்பிள்ளை. “மாமனார் வீட்டுச் சுவர்ல தொங்கற பெரியவர் போட்டோல ஒரு மூக்கு. அதே மூக்கு என் சம்சாரத்துக்கு, அதே மூக்கு என் பொண்ணுக்கு. நடுவுல...” நடுவில் யார் என்பது நினைவுக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டார்.

“அதேதான்” என்றார் புரொபசர் உற்சாகமாக. “மூக்கு ஒண்ணு, முகம் வேற வேற. என் கணக்கு மூக்கைத்தான் பிடிக்கும். எங்கே வெட்டணும்னு பகடை உருட்டற மாதிரி கம்ப்யூட்டர் முடிவு பண்ணும். எந்தத் தேதில பெய்யும்னு அதுக்குத் தெரியாது. கிழமை கூடத் தெரியாது. அதனால ஒரு வருஷம் முழுக்கத் தேதி தேதியா ஒத்துப்போச்சுன்னா...”

“ஒத்துப்போச்சுன்னா?” என்றாள் அத்தை.

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். “நானே என்னைச் சந்தேகப்படுவேன்.”

“அந்த ஆயிரம் வருஷத்தை எப்போ செஞ்சீங்க?”

“ரெண்டு வருஷம் முன்னாடி. அக்டோபர் மாசம். அந்தப் பதிவேட்டுல இருக்கிற மழை பெய்யறதுக்கு முன்னாலயே. ஆனா கம்ப்யூட்டர்ல தேதியை யார் வேணும்னாலும் மாத்தலாம்னு பொறியாளர் சொல்றார். அதுவும் நிஜம்தான்.”

“அப்பவே காகிதத்துல அச்சடிக்கலையா?”

“அதை ஏன் கேக்கறீங்க” என்று மனைவி முந்திக்கொண்டாள். “மாசத்துக்கு ஒரு தாள். ஆயிரம் வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம் தாள். அடிச்சு முடிச்சுட்டு ஓரம் கோணலா இருக்குன்னு அத்தனையையும் பழைய பேப்பருக்குப் போட்டார். மூணு தடவை வண்டி வந்து எடுத்துட்டுப் போச்சு.”

“வண்டிக்காரர் எந்தப் பக்கம்?”

“மலையடிவாரம்.”

அத்தையின் மூக்கு இப்போது நன்றாகவே சிவந்திருந்தது.

*

மலையடிவாரத்தில் ஒரு வேர்க்கடலை வண்டி நின்றது. அத்தை காரை நிறுத்தச் சொன்னாள்.

“மாப்பிள்ளை, கடலை சாப்பிடறீங்களா?”

கல்யாணமாகி எட்டு வருடத்தில் இப்படி ஒரு வார்த்தையை அவர் கேட்டதில்லை. குடை விஷயமாக விஷம் கிஷம் வைக்கிறாளோ என்று ஒரு கணம் தோன்றியது. இருந்தாலும் வாங்கிச் சாப்பிட்டார். முடிந்ததும் இன்னொரு பொட்டலம் வாங்கச் சொன்னாள். அதுவும் முடிந்தது. மூன்றாவதும் வந்தது. மாப்பிள்ளையின் கண்கள் லேசாகக் கலங்கின.

“போதும் அத்தை. வயிறு நிறைஞ்சுடுச்சு. மனசும் நிறைஞ்சுடுச்சு.”

“கடலையைக் கீழே கொட்டினாலும் பரவாயில்ல, காகிதத்தைக் கொடுங்க.”

மூன்று பொட்டலக் காகிதங்களையும் பிரித்து, நீவி, கைப்பைக்குள் வைத்தாள். வரிசை வரிசையாக ஏதோ எண்கள். பாசத்தில் இருந்த மாப்பிள்ளை அவற்றைப் படிக்கவில்லை.

“இந்தப் பொட்டலமெல்லாம் யார் ஒட்டித் தர்றாங்க?” என்று அத்தை கேட்டாள்.

“மழைக்காரர் வீட்டம்மா” என்று கடலைக்காரர் மலைப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் இருந்த வீட்டைக் காட்டினார்.

மானியைப் படிக்கிறவருக்கு ஊரில் மழைக்காரர் என்று பெயர். மனைவி தரையில் உட்கார்ந்து பசை தடவிக்கொண்டிருக்க, அவர் வாசலுக்கு வந்து வரவேற்றார். சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டிருந்தார்.

“தினமும் ஏறுவீங்களா?” என்றாள் அத்தை.

“முந்நூத்திப் பன்னிரண்டு படிம்மா. காலையில எட்டரைக்கெல்லாம் மேல நிப்பேன். இடி இடிச்சாலும் நிப்பேன்.”

“போன வருஷம் எந்த மாசம் ரொம்ப நனைஞ்சீங்க?”

மழைக்காரர் மேசை இழுப்பறையைத் திறந்து தன்னிடம் இருந்த நகல் பதிவேட்டை எடுத்தார். பக்கங்களைப் புரட்டி, விரலால் தடவி, “ஆகஸ்ட்” என்றார்.

மாப்பிள்ளைக்கு அது என்னவோ போல இருந்தது. பெண் பார்க்கப் போன அன்றைக்கு அவர் நனைந்தது இன்றைக்கும் முதுகில் சில்லென்று ஞாபகம் இருக்கிறது. தினமும் மலை ஏறி நனைகிற மனிதர், நனைந்தோமா என்று ஏட்டைப் பார்த்தா தெரிந்துகொள்வார்?

அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆணியில் மேல்வாசல் கம்பிக் கதவின் சாவி தொங்கியது. ஆணிக்கும் சாவிக்கும் நடுவே ஒரு சிலந்தி, யாரும் தொந்தரவு செய்யாத நிம்மதியில், மூன்றடுக்கு வீடு கட்டியிருந்தது.

“மாப்பிள்ளை, கொஞ்சம் மேலே போய் மானில தண்ணி எவ்வளவு இருக்குன்னு பார்த்துட்டு வாங்க.”

“கடலை சாப்பிட்டதுக்கு இதுதான் தண்டனையா அத்தை?”

“கம்பிக் கதவைத் தாண்டிக் குதிங்க. சாவி வேண்டாம். அதுல குடித்தனம் இருக்கு.”

“ஐயா வேண்டாம், மேல போகாதீங்க” என்றார் மழைக்காரர். ஏன் என்று கேட்டதற்கு அவர் கழுத்துப் பொத்தானைச் சரிபார்த்தார். மனைவியின் கையில் பசைக் குச்சி அப்படியே நின்றது. மேலே பிணம் கிணம் இருக்குமோ?

படிகளில் முழங்கால் உயரத்துக்குப் புல். பாசியில் ஒரு செருப்புத் தடம் கூட இல்லை. ஏறி முடிப்பதற்குள் மாப்பிள்ளை தன் மொத்த வாழ்க்கையையும் இரண்டு தடவை யோசித்து முடித்துவிட்டார். உச்சியில், கம்பி வேலிக்குள், சிமெண்ட் மேடையில் மானி நின்றது. மானி என்று ஊகிக்கத்தான் முடிந்தது. அதன் வாயை மூடி, கழுத்தை மூடி, இடுப்பு வரைக்கும் கறுப்பாக எதுவோ தொங்கியது. கிட்டே போய்ப் பார்த்தார். அந்தக் கறுப்பு மூச்சு விட்டது.

ஏறும்போது முந்நூற்றுப் பன்னிரண்டு படிகள். இறங்கும்போது அவர் கால் பட்டவை பதினேழு.

கீழே வந்து விழுந்தபோது, அத்தை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மழைக்காரரின் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மழைக்காரர் மடியில் துணியில் கட்டிய ஒரு மூட்டை.

“தேனீ அத்தை, தேனீ” என்றார் மாப்பிள்ளை. ஒரே ஒரு இடத்தில்தான் கொட்டியிருந்தது. அந்த இடம் மளமளவென்று வளர்ந்துகொண்டிருந்தது.

அத்தை அவர் முகத்தை அக்கறையோடு உற்றுப் பார்த்தாள். “இப்பத்தான் மாப்பிள்ளை, எங்க குடும்ப ஜாடை உங்களுக்கும் வந்திருக்கு.”

*

நாலு மணிக்கு விசாரணை அறையில் இயக்குநர் அம்மாள் நடுவில் உட்கார்ந்தாள். வலப்பக்கம் பொறியாளர், கையில் பேனா திறந்தபடி. இடப்பக்கம் புரொபசர், கைகளை மேசைக்கு அடியில் வைத்தபடி. அவர் மனைவி வாசலில் நின்றாள், உள்ளே வரவும் மனமில்லை, போகவும் மனமில்லை. மழைக்காரரும் மூட்டையும் கடைசி நாற்காலியில்.

“பூட்டை எப்படித் திறந்தார்?” என்றார் பொறியாளர்.

“திறக்கலை” என்றாள் அத்தை.

“அப்போ உங்களால கண்டுபிடிக்க முடியல.”

“கண்டுபிடிச்சதைத்தான் சொல்றேன். யாரும் திறக்கலை. அம்மா, இது முதல் பதினொரு வருஷப் பதிவேடு. பக்கத்துல நாட்காட்டி வச்சுப் பாருங்க. இந்த மலைல பதினொரு வருஷமா ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட மழை பெய்யல.”

இயக்குநர் அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். ஒரு பக்கம் புரட்டினாள், இன்னொரு பக்கம் புரட்டினாள். “ஆனா திங்கட்கிழமை எல்லாம் கொட்டோ கொட்டுன்னு கொட்டியிருக்கே.”

“ஆமாம். வானத்துக்கு வார விடுமுறை கிடையாது. இவருக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை மலை ஏற மாட்டார், சைபர்னு எழுதிடுவார். அன்னிக்குச் சேர்ந்த தண்ணியும் சேர்த்து திங்கட்கிழமை கணக்குல வரும். இது தப்பு. ஆனா மனுஷன் செய்யற தப்பு. இதைப் பார்த்தா ஒரு ஆள் நிஜமாவே மலை ஏறினார்னு தெரியும்.” அத்தை பன்னிரண்டாவது பதிவேட்டைத் திறந்தாள். “இது அலமாரில இருந்தது. இதுல பத்தொன்பது ஞாயிற்றுக்கிழமை மழை பெஞ்சிருக்கு. நிஜப் பதிவேட்டைப் பார்த்து புரொபசர் எழுதியிருந்தா, அவர் மழையிலயும் ஞாயிற்றுக்கிழமை காய்ஞ்சுதானே இருக்கணும்? கிழமையே தெரியாத மழை ஒண்ணு இருக்கு. கம்ப்யூட்டர்ல பெய்யற மழை. அப்போ யாரைப் பார்த்து யார் எழுதினது?”

புரொபசர் மெல்லத் திரும்பிக் கடைசி நாற்காலியைப் பார்த்தார்.

மழைக்காரர் எழுந்து மூட்டையை மேசை மேல் வைத்து அவிழ்த்தார். எண்கள் அச்சிட்ட தாள்கள். ஓரம் கோணல். மேலே ஆண்டு 417 என்று இருந்தது. ஒவ்வொரு நாளுக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு சிறிய கோடு, எழுதியாயிற்று என்பதற்கு அடையாளமாக. இயக்குநர் அம்மாள் தாளின் அடியில் இருந்த தேதியை உரக்கப் படித்தாள். இரண்டு வருடம் முந்தைய அக்டோபர்.

“பெய்யறதுக்கு முன்னாடியே அச்சான மழை” என்றார் மாப்பிள்ளை. மூக்கு அடைத்திருந்ததால் அது அசரீரி போலக் கேட்டது. கைப்பையிலிருந்த மூன்று பொட்டலக் காகிதங்களையும் அத்தை தாள்களுக்குப் பக்கத்தில் வைத்தாள். அதே எழுத்து, அதே கோணல், அதே அக்டோபர். மாப்பிள்ளை அவற்றைப் பார்த்தார். எட்டு வருடத்தில் கிடைத்த ஒரே பாசமும் தடயமாகப் போய்விட்டது.

“மேல தேன்கூடும்மா” என்றார் மழைக்காரர். “ஒரு டிசம்பர் மாசம் வந்து மானி மேல குடியேறிடுச்சு. ரெண்டு தடவை ஆஸ்பத்திரில கிடந்தேன். பதிவேடு காலியா போனா வேலை போயிடும்னாங்க. நானா எழுதிப் பார்த்தேன். அஞ்சு, பத்து, அஞ்சு, பத்துன்னே வருது. மழை மாதிரியே இல்ல. அப்போ பொட்டலம் ஒட்ட வந்த காகிதத்துல இது இருந்தது. எங்கிருந்து வந்ததுன்னு சத்தியமா தெரியாதும்மா. பதினொரு வருஷம் மழையை இந்தக் கையால அளந்திருக்கேன். இது மழை மாதிரியே இருந்தது. வெயில் அடிச்சு அடிச்சு, திடீர்னு மூணு நாள் பிடிச்சு, நடுவுல ஒரு நாள் ஏமாத்தி... அப்படியே நம்ம மலை மழைதான். அதனால எழுதிட்டேன்.”

“இப்போ எந்த வருஷத்துல இருக்கீங்க?” என்றாள் இயக்குநர் அம்மாள், என்ன கேட்பது என்று தெரியாமல்.

“நானூத்திப் பதினெட்டும்மா. நான் ஓய்வு பெறற வரைக்கும் மழை கையிருப்பு இருக்கு.”

பொறியாளர் பேனாவை மூடினார். “புரொபசர் விஷயம் முடிஞ்சது. இந்த ஆளை இன்னிக்கே வேலையை விட்டு நீக்கிடலாம். போலீசுக்கும் சொல்லிடலாம்.”

“அதுக்கு முன்னாடி இதையும் படிச்சுடுங்க அம்மா” என்று அத்தை கைப்பையிலிருந்து ஏழு கடிதங்களை எடுத்தாள். ஏழும் மழைக்காரரின் மனுக்கள். மானி மேல் தேன்கூடு, அகற்றித் தரவும். ஏழையும் ஒரே பதிலோடு திருப்பி அனுப்பியிருந்தார்கள். இயக்குநர் அம்மாள் படித்தாள்:

“மேற்படி தேனீக்களின் சரியான எண்ணிக்கை குறிப்பிடப்படாததால், மனு திருப்பி அனுப்பப்படுகிறது.”

கீழே இருந்த கையெழுத்து பொறியாளருடையது.

“எண்ணப் போனேன்மா” என்றார் மழைக்காரர் பணிவாக. “எழுபது வரைக்கும் எண்ணினேன். அதுக்குள்ள அதுங்க என்னை எண்ண ஆரம்பிச்சிடுச்சு.”

அத்தை பொறியாளரின் கையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “வருஷம் பூரா மானிகிட்ட ஆள் போக முடியாதுன்னு ஏழு தடவை உங்களுக்கு எழுத்துல வந்திருக்கு. அப்புறமும் அந்த வருஷத்துப் பதிவேடு முழுசா நிரம்பி வந்தது. அதை வாங்கி, ஒரு வார்த்தை கேக்காம பூட்டி, அதை வச்சே ஒருத்தரைத் திருடன்னு சொன்னீங்க. பூட்டு எப்படித் திறந்ததுன்னு ‘மட்டும்’ கண்டுபிடிக்கச் சொன்னீங்க. மலைப் பக்கம் நான் போகக்கூடாதுன்னு நினைச்சீங்களா, இல்ல படிக்காமலே ஏழு கையெழுத்துப் போட்டீங்களா? எது நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க.”

இரண்டில் எதைச் சொன்னாலும் ஆபத்து என்று பொறியாளர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

இயக்குநர் அம்மாள் புகாரைக் கிழித்தாள். புரொபசர் மேல் குற்றம் இல்லை என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மழைக்காரருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம், வேலைக்கு ஆபத்தில்லை. ஏரிக்கரை விஷயம், ஒரு வருடம் நிஜ மழையை அளந்த பிறகு. அப்புறம் பொறியாளர் பக்கம் திரும்பினாள்.

“அந்த எண்ணிக்கை இன்னும் வரலைன்னு நினைக்கிறேன். நாளைக்குக் காலையில நீங்களே ஏறிப் போய் எண்ணிட்டு வந்துடுங்க. சரியான எண்ணிக்கையா இருக்கட்டும்.”

வாசலில் நின்ற மனைவி இப்போதுதான் உள்ளே வந்தாள். வந்து, யாரையும் பார்க்காமல், புரொபசரின் கலைந்த காலரைச் சரி செய்தாள். அவரோ ஆனந்தப்பட்டதாகத் தெரியவில்லை.

“திருடன் இல்லைன்னு ஆச்சு” என்றார் மெதுவாக. “ஆனா என் மழையை என் மழையோடவே வச்சு ஒத்துப் பார்த்திருக்கோம். அது சரியா தப்பான்னு இப்பவும் தெரியாதே.” பிறகு மழைக்காரர் அருகே போனார். “நிஜமாவே அது மழை மாதிரி இருந்ததா?”

“சாமி சத்தியமா சார்.”

புரொபசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தேவைக்கு அதிகமாகவே துடைத்தார். “இனிமே தினமும் ஏறுவீங்களா?”

“கூட்டை எடுத்துட்டாங்கன்னா ஏறுவேன் சார். ஆனா ஞாயிற்றுக்கிழமை...” என்று மழைக்காரர் இழுத்தார்.

“ஞாயிற்றுக்கிழமை நான் ஏறறேன்.”

காருக்குத் திரும்பியபோது தூறல் பிடித்தது. அத்தை தன் இருக்கைக்கு அடியில் கையை விட்டுக் குடையை எடுத்து விரித்தாள். மாப்பிள்ளை வீங்கிய மூக்கோடு அவளையே பார்த்தார்.

“அத்தை, அது காலையிலிருந்து அங்கேயா இருந்தது?”

“நான்தான் வச்சேன். எடுக்காத குடையை எடுத்தேன்னு நீங்க ஒத்துக்கறீங்களான்னு பார்த்தேன். நீங்க ஒத்துக்கலை. நம்பலாம்.”

*

தேன்கூட்டை எடுத்த மூன்றாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை மழை பெய்தது. அத்தையின் உத்தரவுப்படி மாப்பிள்ளை குடையோடு அடிவாரத்தில் போய் நின்றார். புரொபசர் நிஜமாக ஏறுகிறாரா என்று அவளுக்குச் சந்தேகம். விடுமுறையில் இருந்த மழைக்காரர் வாசலில் உட்கார்ந்து படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மணி நேரம் கழித்துப் புரொபசர் இறங்கி வந்தார். தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். முழங்காலில் சேறு. பதிவேட்டைச் சட்டைக்குள் வைத்துக் காப்பாற்றியிருந்தார்.

“எவ்வளவு சார்?” என்றார் மழைக்காரர்.

“பத்து.”

“சரியா பத்தா சார்?”

புரொபசர் முந்நூற்றுப் பன்னிரண்டு படியையும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

“ஒன்பதரைக்கும் பத்துக்கும் நடுவுல இருந்தது” என்றார். “காத்து வேற. கண்ணாடி நனைஞ்சு ஒண்ணும் தெரியல.”

மழைக்காரர் நகர்ந்து பெஞ்சில் அவருக்கு இடம் விட்டார்.

“எனக்கும் அப்படித்தான் சார்” என்றார். “எனக்குக் கண்ணாடி கூடக் கிடையாது.”